ஐம்பது நிமிட நாற்காலி

முதுகுச் சாய்வு ஐந்து டிகிரி போதும் என்றார்
நுங்கம்பாக்கம் ஓட்டல்காரர்.
சாப்பிட்டவர் ஐம்பதாவது நிமிடம்
தானாக எழுந்துவிட வேண்டும்;
யாரும் எழுப்பியது போல இருக்கக் கூடாது.

மேல்மாடி பாருக்கு வேறு கணக்கு:
ஆழம் இருபத்தாறு அங்குலம்,
உட்கார்ந்தவருக்கு எழ மனசே வரக் கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில்
நானும் தில்ஷாத்தும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம்,
கையில் போன், மடியில் டிபன் டப்பா.
நாற்பத்தெட்டில் அவள் நெளிந்தாள்.
அடியில் சாக்பீஸால் 'பாஸ்' என்று எழுதினேன்.

லாரிக்கு இரவு பதினொன்றுக்கு மேல்தான் அனுமதி.
பாரின் பன்னிரண்டு அடி சோபா
சர்வீஸ் லிஃப்டில் நுழையவில்லை,
மூன்றாவது மாடித் திருப்பத்தில் சிக்கியது.
எத்திராஜுலு ரம்பத்தை எடுத்தார்.
நான் வெல்வெட்டைப் பிரித்தேன்.
மேலே கொண்டுபோய்ச் சேர்த்துத் தைத்த இடத்தில்
ஒரு கோடு.
கேட்டால் டிசைன்.

மணி நாலரை. கால் கெஞ்சியது.
சூப்பர்வைசர் எல்லாவற்றுக்கும் பாலித்தீன் போர்த்தி
ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் பஸ் வரும்வரை
ஏசி போடாத ஹாலில், வெறும் தரையில்
ஐம்பது நிமிடம் தாண்டியும்
ஒருவரும் நெளியவில்லை.