ஒற்றைப்பல்

கோமாரியில் படகைத் தள்ளும்போது
தவநாயகமும் நானும் கதைப்பதை விட்டு ஒன்பது நாள்.
மண்ணெண்ணெய்க் கணக்கில்
நாலாயிரத்து இருநூறு ரூபா.
அவன் எஞ்சின் பக்கம், நான் அணியத்தில்,
நடுவில் இரண்டு பற்றரி,
பொலித்தீனில் சுற்றிய என் சோறு.

மீன்பிடிக்காரர் அதை ஒற்றைப்பல் என்பார்கள்.
கடலின் ஈறில் தனியே முளைத்த கறுத்தப் பாறை,
மேலே வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப்போன கோபுரம்.
இப்போது ஆளில்லை.
மங்கினால் தானாக எரியும், விடிந்தால் அணையும்.
ஆறு மாதத்துக்கு ஒருதரம் நான்.

அலை தாழும் நொடி பார்த்துப் பாய வேண்டும்.
கயிற்றை எறிந்தான். பிடித்தேன்.
அதற்குச் சொல் தேவைப்படவில்லை.

இரண்டாம் தட்டில், கட்டில் கிடந்த தடத்துக்கு மேலே
சுண்ணாம்பில் ஆணியால் கீறிய எழுத்து.
ஆறு வருசமாக ஏறி இறங்குகிறேன்,
இன்றைக்குத்தான் வெளிச்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

*நவம்பர் 9. படகு வரவில்லை.*
*11. வெங்காயம் முடிந்தது.*
*12. உப்பைக் கொட்டியது யார் என்று ரொசைரோவுடன் சண்டை.*
*13. கதைக்கவில்லை. விளக்கு எரிந்தது.*
*14. கதைக்கவில்லை. விளக்கு எரிந்தது.*

அப்படியே இருபத்திரண்டு வரை.
ஆணி மழுங்கி எழுத்துத் தடித்துக்கொண்டு போகிறது.
இரவில் முறை மாறும் நேரம்
ஒருவனை மற்றவன் எப்படி எழுப்பினான்?
காலைச் சுரண்டியா, கட்டிலை உதைத்தா?

*23. காற்று. கதவைப் பிடித்தோம்.*
*24. பிடித்தோம்.*

ஆண்டு எழுதவில்லை.
நவம்பர் இருபத்துமூன்று, காற்று என்றால்
எங்கள் கரையில் எவருக்கும் ஆண்டு சொல்லத் தேவையில்லை.
அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்,
அதன் வாலில் ஒரு ஓம்.

திரும்பும் வழியில், அவனைப் பாராமல்,
கடலுக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன்.
வெங்காயம், உப்பு, காற்று, கதவு.
எஞ்சின் சத்தம் தணிந்தது.

"மறுகா?"

"மறுகா ஒண்டும் இல்ல. சுண்ணாம்பு உரிஞ்சு கிடக்கு."

அவன் என் தோளுக்கு மேலால் பார்த்தான்.
நானும் திரும்பினேன்.
பட்டப்பகல் இரண்டு மணிக்கு
பல் மினுங்கிக்கொண்டு நின்றது.
வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.

"படகைக் கிறுக்கு" என்றேன்.
மண்ணெண்ணெய் காணுமா என்றும் கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
கானை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டு,
காணும் ஹில்மி, என்றான்.