விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பு

மஜ்காவ் மாநகராட்சிப் பிரசவ விடுதி,
இரண்டாம் மாடி, ஜூலை, இரவு ஷிப்டு.
டோங்கிரி முழுக்க மழை.
கேஸ் பேப்பரில் பெயர் இன்சியா.
வயது இருபத்தாறு. முதல் பிரசவம்.
கையுறை இழுபடும் ரப்பர் சத்தம் கேட்டதுமே
முழங்கால் இரண்டும் சாத்திக்கொண்டன.

பன்னிரண்டு வருஷம் முன்னால் என்றால்
அதட்டியிருப்பேன்.
அதட்டியிருக்கிறேன்.
அவள் பெயர் முனீரா, பத்தொன்பது வயது.
'புருஷனிடம் இல்லாத வெட்கம் என்னிடம் என்ன' என்று
தாராவித் தமிழ் ஏறிய இந்தியில் கத்தினேன்.
வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள்,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.
அந்தச் சிரிப்பை வெகுநாள்
சம்மதம் என்றே நினைத்திருந்தேன்.

எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
கால் முந்தி வரும் பிள்ளைக்குப்
பாடப்புத்தகத்தில் படம் இருந்தது,
கழுத்தில் கொடி சுற்றியதற்கும் இருந்தது.
பிளேடு தொட்ட அரிசியளவு இடத்துக்கு
ஒரு வரி இல்லை.
பிறவி அமைப்பு என்று தாண்டிப் போயிருக்கிறேன்.
எத்தனை பேரை என்று கேட்காதீர்கள்.
எண்ணத் தொடங்கினால்
இறங்க வேண்டிய ஸ்டேஷன் தவறிவிடுகிறது.

இன்றைக்கு விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
ஸ்டூலைக் கால்மாட்டிலிருந்து
தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டேன்.
கையுறையைக் கழற்றி
அவள் பார்க்கிற இடத்தில் வைத்தேன்.
'நீ சரி என்றால்தான் தொடுவேன்.
நிறுத்து என்றால்
பாதி விரலில் இருந்தாலும் நிறுத்துவேன்.'

ஒரு வலி வந்து போனது. பதில் இல்லை.
இன்னொன்று.
மூன்றாவது வலி இறங்கிய பிறகு
ஒரு அழிரப்பரைப் பற்றிச் சொன்னாள்.
ஏழு வயது. அத்தை வாங்கித் தந்தது.
ஸ்ட்ராபெரி வாசனை.
யார் வீட்டு மாடியோ, கோரைப்பாய்,
காலைப் பிடித்த கைகளில் ஒன்றில் மருதாணி.
அழிரப்பரை மட்டும் அவள் விடவில்லை.
'இப்போதும் அந்த வாசனை வந்தால்
எனக்கு மூத்திரம் எரியும் சிஸ்டர்.'

பிறகு சொன்னாள்:
'அவளையும் தாயி என்றுதான் கூப்பிடுவோம்.
பிள்ளை எடுப்பவளும் தாயி,
அதைச் செய்பவளும் தாயி.'
என் காதுக்கு அது
அம்மா என்று விழுந்தது.
கொஞ்ச நேரம் என் கையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

'சரி' என்றாள், இரண்டே காலுக்கு.
விரல் உள்ளே போகும்போது
அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்,
பிரேக்கைப் பிடிப்பதுபோல்.
ஒருமுறை அழுத்தினாள். நிறுத்தினேன்.
மறுபடி 'சரி' என்றாள்.

தலை தெரிந்தபோது
வெந்நீர்த் துணியைத் தழும்பின்மேல் தாங்கிக்கொண்டு
'முக்காதே. மெழுகுவர்த்தி அணையாமல்
சுடர் மட்டும் ஆடுகிற மாதிரி ஊது' என்றேன்.
ஊதினாள்.
நாலே முக்காலுக்குப் பெண்.
கிழியவில்லை.

வெளியே பெஞ்சில் அத்தை.
மடியில் சூப் பிளாஸ்க், ரிதாவின் விளிம்பு மழையில் நனைந்து
ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.
குழந்தையின் உள்ளங்காலை முத்திக்கொண்டே அழுதாள்.
கெட்டவளாக இருந்திருந்தால்
எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
இன்சியாவைக் கேட்டுவிட்டு
'பிற' என்ற கோட்டில் எழுதினேன்.
'நார்மல் டெலிவரிக்கு எதற்கு இவ்வளவு எழுத்து?'
சின்ன டாக்டர் கொட்டாவியோடு கையெழுத்துப் போட்டார்.

இன்சியா குழந்தையின் விரல்களை
ஏழு வரை எண்ணி நிறுத்தினாள்.
'அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டால் வருவீர்களா?'
எனக்கு ரிடையர்மென்ட் நாலு வருஷத்தில்.
தடுப்பூசி அட்டையின் பின்பக்கம்
என் நம்பரை எழுதினேன்.
அதன் கீழே, டியூட்டிக்கு வந்து
குடையை உதறிக்கொண்டிருந்த
ஸ்னேஹலைக் கூப்பிட்டு
அவள் நம்பரையும் எழுதச் சொன்னேன்.
'எதற்கு?' என்றாள்.

உட்கார் என்றேன்.
ஸ்டூல் இன்னும் தலைமாட்டில்தான் இருந்தது.
முனீராவிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.