நாட்டு / அயல்

பெரியபட்டினத்துக் கரையோரம்
சீமைக்கருவேல நிழலில்
சீனி அசனாரின் வான்கோழிகள்
மணலைக் கிளறிக்கொண்டிருந்தன.
கால்நடைக் கணக்கெடுக்கப் போன எனக்கு
அரசாங்கம் தந்த கைக்கணினியில்
கோழிக்கு ஒரு வரி, வாத்துக்கு ஒரு வரி,
கடைசிக்கு முந்தின வரி இவற்றுக்கு.

"எத்தனை உருப்படி?"
"பதினொண்ணு."
எண்ணினேன். பத்து.
"பதினொண்ணுதான் தாயி. உக்காருங்க."

இருபத்தாறு வருஷம் கப்பலில் சமையல்காரர்.
துறைமுகம் துறைமுகமாய் இறங்கி
இதையே விலை கேட்டவர்.
"அலெக்சாண்டிரியாவுல இது ரூமிச் சேவல்,
ரோமாபுரியிலேர்ந்து வந்துச்சாம்.
பினாங்குல டச்சுக்காரன் கோழி.
அந்த டச்சுக்காரன்கிட்டயே கேட்டா
கள்ளிக்கோட்டைக் கோழின்னு
நம்ம பக்கம் கையைக் காட்டுறான்.
லிஸ்பன்ல பெரு.
வெள்ளைக்காரன் துருக்கின்னு சொல்றானேன்னு
இஸ்தான்புல்லுல இறங்கிக் கேட்டேன்.
அங்க இதுக்குப் பேரு ஹிந்தி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா தாயி, இந்தியாவுலேர்ந்து வந்த பறவையாம்.
உன் ஊருப் பறவை உனக்கே தெரியலையான்னு
கறிக்கடைக்காரன் மேலயும் கீழயும் பாத்தான்.
நான் என்னத்தச் சொல்ல?
பள்ளிக்கூடத்துல என்னைய
துலுக்கப் பயன்னுதான் கூப்பிட்டாங்க.
துருக்கியில அன்னைக்குத்தான்
மொதமொதல்ல கால் வைக்கிறேன்."

சுண்டக் காய்ச்சிய தேநீர் வந்தது.
நடுக்கடலில் ஒரே நாளில் சிகரெட்டை விட்ட கதை:
கை நடுங்க, வேர்த்துக் கொட்ட,
ரொட்டிமாவு உருட்டிக்கொண்டு நின்றவரை
எட்டிப் பார்த்த கேப்டன்
கோல்ட் டர்க்கி என்றாராம்.
ஆறிப்போன கறியைத்தான் குறை சொல்கிறாரென்று
அடுப்பை மறுபடி பற்றவைத்தாராம் இவர்.
"ஓடாத நாடகத்துக்கும்
அவங்க ஊருல இதே பேருதான்."

நம் ஊரில் மட்டும் என்ன.
ஏழாம் வகுப்பு, ஆண்டுவிழா, பின்வரிசை ஓரம்,
வாடகைக்கு எடுத்த மயில்பாவாடை.
ஒத்திகையில் டீச்சர் இந்த ஒரு சொல்லைச் சொன்னார்.
பன்னிரண்டாவது முடிக்கும்வரை
அதுதான் என் பேர்.
இதை ஏன் அவரிடம் சொன்னேனென்று தெரியவில்லை.

அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.
சேவலைப் பார்க்கச் சொன்னார்.
மூக்கின்மேல் தொங்கிய சதை
சிவந்து, நீலம் பாரித்து, வெளுத்தது.
வால் விசிறியாக விரிய
இறக்கை நுனிகள் மணலில் கோடிழுக்க
நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல்.
பார்த்து ஆடுவதற்கு
எந்த மயில் இருந்தது அங்கே?

உச்சிப்புளிப் பக்கமிருந்து
கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று தாழ்ந்து வந்தது.
பத்தும் ஒரே நேரம் தலையைச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தன.
பிறகு கத்தின, பதில் சொல்வதுபோல,
மன்னார்க் கடல்மேல் அது புள்ளியாகும்வரை.
இப்படிப் பார்ப்பதற்குத்தான்
வானத்தைப் பேரில் வைத்தார்களோ.
இந்தப் பறவை வந்து இறங்குமுன்பே
சொல் இங்கே இருந்தது,
வேறேதோ ஒன்றைக் குறித்தது
என்பவர்களும் உண்டு.
அந்தப் பழைய பறவை எங்கே போயிற்றோ,
பேரை இதனிடம் விட்டுவிட்டு.

இனம்: நாட்டு / அயல்.
ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.
"எதைப் போட?"

நிழல் தந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.
"இதை எதுல போட்டாங்க?"
மரம் என் கணக்கில் வராது என்றேன்.

அப்போது மாடித் தண்ணீர்த்தொட்டி மேலிருந்து
ஒரு பெட்டை
வேலி தாண்டி, வலைக்குவியல் தாண்டி,
நன்றாகவே பறந்து வந்து இறங்கியது.
"பதினொண்ணு," என்றார்.

பத்தை அழித்துத் திருத்தினேன்.
மற்றதைத் தொட விரலெடுத்தபோது
சிக்னல் போயிருந்தது.
திரையின் நடுவில் ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.