சிவப்பு அட்டை

மிர்ஃபாவுக்கு மேற்கே
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின்
பழைய படகுத்துறையில் நாங்கள் கட்டிய சாரம்.
பதினான்கு மீட்டர், நாலு தட்டு.
பெயின்ட் அடிக்க ஆள் ஏறுவதற்குள்
உச்சித் தட்டில் அவள் ஏறிவிட்டாள்.

டிசம்பர் முதல் வாரம்.
முதல் நாள் ஒரு காய்ந்த கண்டல் குச்சி.
காற்றின் வேலை என்று எடுத்தெறிந்தேன்.
மறுநாள் ஏழெட்டுக் குச்சி,
நைலான் கயிறு,
மீன்கூண்டின் துருவேறிய கம்பி,
இடது கைக்கான கையுறை ஒன்று.
கையுறை என்னுடையது.

உகாப், உகாப் என்று கத்தினான்
கிரேன் ஓட்டும் குல்ஸமான்.
எங்கள் பக்கம் இதற்கு விராலடிப்பான் என்று பெயர்.
இந்த உப்பில் விரால் ஏது?
முரல் அடிக்கிறான், மடவை அடிக்கிறான்,
வைத்த பெயர் வைத்ததுதான்.
சுற்றுச்சூழல் துறைப் படகில் வந்த ஷம்ஸா
தமி என்றாள்.
தமி என்றால் எங்களுக்குத் தனிமை, என்றேன்.
அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.
மேலே இரண்டு பேர்.

நீளக் கழியில் கண்ணாடி கட்டி உயர்த்தினோம்.
மூன்று முட்டை.
சுண்ணாம்புச் சுவரில் தேநீர் தெறித்த நிறம்.

எத்தனை நாள், என்றார் மேலாளர்.
அடைக்கு முப்பத்தேழு, என்றாள்.
இறகு முளைத்து எழும்ப ஐம்பத்தைந்து.
அப்புறமும் ஒரு மாதம்
தகப்பன் மீன் கொண்டுவந்து போடுவான்.
கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தவர்
சாரத்தின் நாள்வாடகையால் பெருக்கினார்.
சட்டத்தில் இருக்கும் அபராதத்தை
அவள் சொன்னாள்.
அதைப் பெருக்கவில்லை.

பச்சை அட்டையைக் கழற்றி
சிவப்பை மாட்டினேன்.
ஏறாதே, மூன்று மொழியில்.
காரணம் என்ற கட்டத்தில்
கைப்பிடி இல்லை, பலகை உடைவு
என்றுதான் எழுதிப் பழக்கம்.
ஆள் இருக்கிறது, என்று எழுதினேன்.

ஷமால் மூன்று இரவு அடித்தது.
எங்கள் கேபினின் கூரைத் தகடு பறந்தது.
அவள் குச்சியோடு குச்சியாகப் படுத்திருந்தாள்.
அவன் கிரேன் கொக்கியில் அமர்ந்து
தலையைத் தின்றுவிட்டு
துடிக்கும் முண்டத்தைக் கொண்டுபோவான்.
தலை அவன் கூலி.

மூன்றும் ஒரே நாளில் பொரிக்கவில்லை.
கடைசியாக வந்தது
எட்டாம் நாள் கழுத்தைத் தூக்கவில்லை.
யாரும் அதை அப்புறப்படுத்தவில்லை,
அதன்மேல் புதிதாக ஒரு குச்சி வந்தது.
ஷம்ஸா மூன்றை அடித்து
இரண்டு என்று எழுதினாள்.

பிப்ரவரி கடைசியில்
ஒன்றின் காலில் தங்கூசி.
யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு,
கயிறென்று நம்பித் தாயே கொண்டுவந்தது.
இழுக்க இழுக்க இறுகியது.
இடுப்புக் கச்சை மாட்டி இருவரும் ஏறினோம்,
என் அட்டையைத் தாண்டி, நானே.
தாய் என் ஹெல்மெட்டில் அறைந்தாள்.
குஞ்சின் கண் ஆரஞ்சு.
அதில் நான் மிகச் சிறியவன், மஞ்சள் தொப்பியோடு.
நரம்பை வெட்டிய கையோடு
எழுத்துப் பொறித்த வளையம் போட்டாள் ஷம்ஸா.

ஏப்ரலில் இரண்டும் போயின,
தாண்டினால் ஈரான் என்ற பக்கம்.
எதிர் மணல்திட்டில் கம்பம் நட்டு
மேலே இரும்புத் தட்டு பொருத்தி
கூட்டைக் கூடையில் இறக்கி அங்கே வைத்தோம்.
பாதி வழியில் உதிர்ந்தது.
சாரத்தைப் பிரித்தபோது
கிளாம்ப் நாலு குறைந்தது, அட்டை ஒன்று குறைந்தது.
அட்டைக்கு ஐந்து திர்ஹம்
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இந்த டிசம்பரில் வெள்ளிக்கிழமை
குல்ஸமானோடு படகில் போனேன்.
கம்பத்தின் மேல் ஈரமான புதுக் குச்சிகள்,
நடுவே ஒரு சிவப்பு.
எழுத்து வெளுத்துப்போயிருந்தது.

என்ஜினை நிறுத்து, என்றேன்.
அவன் ஏற்கெனவே நிறுத்தியிருந்தான்.