இருப்புக் கொப்பி

ஆறு மேசை. மூன்றில்தான் ஆள்.
ஒன்றில் மகப்பேற்று விடுப்பு, ஒன்றில் முதுகு நோ,
ஆறாவதுக்கு விளம்பரம் போட்டுப் பதினான்கு மாதம்;
அதன் கதிரையை யாரோ
கூட்ட அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ரெம்ஷைட் நகரசபை, இரண்டாம் மாடி.
நீதிமன்றம் கேட்கிறது: இந்த மனிதர்
தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடியவரா?
வியாழனுக்குள் தெரிவிக்கவும்.
என் பெயரில் நூற்றுப் பதினொரு மனிதர்கள்.
எல்லாருக்கும் ஏதோவொரு வியாழன்.

உன்ர வேலைக்குத் தமிழில் என்ன பேர் என்று
அம்மா ஒருமுறை ஃபோனில் கேட்டா.
ஒருவருக்குக் காப்பாளர் வேணுமா என்று விசாரிக்கிறது, என்றேன்.
என்ன காப்பு,
கையில் போட்டு அழகு பார்க்கிறதா
கையைப் பூட்டுகிறதா?
அதைத்தான் அம்மா விசாரிக்கிறேன்.

ஹெர் லோகாம்ப், எழுபத்து மூன்று, தனி ஆள்.
வீட்டுக்காரரின் முறைப்பாடு என் பையில் நனைகிறது:
ஐந்து மாத வாடகை இல்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை,
மணி அடித்தால் உள்ளே நடக்கிற சத்தம் கேட்கும்,
கதவு திறக்காது.

எனக்குத் திறந்தார்.
குளிர்பெட்டியில் ஏழு கட்டி வெண்ணெய், வேறொன்றுமில்லை.
போறணைக்குள் கடிதங்கள்,
தட்டுத் தட்டாக, விளிம்பு பிசகாமல்.
பயப்படாதீர்கள், ஃபியூஸைக் கழற்றிவிட்டேன் என்றார்.

படிவத்தின் முதல் கேள்வி: இன்றைக்கு என்ன திகதி?
சரியாகச் சொன்னார்.
இரண்டாவதை நான் கேட்குமுன்
அவர் கேட்டார்:
இப்போது நீங்கள் எத்தனை பேர் அங்கே?

முப்பத்தொரு வருடம்
ஆயுதத் தொழிற்சாலை இல்லை, ஆணியும் திருகாணியும்
செய்கிற இடத்தில் களஞ்சியக்காரர்.
நீலக் கொப்பியொன்றை என் பக்கமாகத் திருப்பினார்.
மூன்று நிரல். உள்ளே. வெளியே. குறிப்பு.

பிரிங்க்மன்: மார்ச்சில் உள்ளே, ஜூனில் வெளியே. கோப்பி குடித்தாள்.
ஓஸ்டர்காம்ப்: ஒரே நாளில் இரண்டும். கதிரை நுனியிலேயே இருந்தான்.
யெல்டிஸ்: மூன்று தரம் வந்தாள். மூன்றாம் தரம்
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள்.
காரணம் நான் அல்ல.
பெயர் சொல்லாத ஒருவன். தாடி. அதே கேள்விகள், அதே வரிசை.

யெல்டிஸ் எப்போது போனாள் என்று
கந்தோரில் எங்களுக்குள்ளேயே இரண்டு கதை.
ஒக்டோபர் ஒன்பது, என்றார் லோகாம்ப்.
பதில் சொல்ல ஃபோன் எடுத்தேன்.
அவர் இனி இங்கே இல்லை என்றார்கள்.
பிறகு யாருக்கென்று திறக்கிறது?

அது முழு உண்மை இல்லை.
கண்ணாடித்தாள் யன்னல் வைத்த உறையொன்றை நீட்டினேன்;
வாங்கின கை மேசையில் தாளம் போட்டது.
மற்றக் கையால் அதைப் பிடித்து அமத்தினார்,
வேறு யாருடையதோ கையைப் போல.

ஆகவே எழுதப்போவது:
பணம், அவரே. மருத்துவம், அவரே.
வீடு, அவரே, கொஞ்சம் தாங்கினால்.
தபால் திறக்க மட்டும் ஒருவர்.
அந்த ஒருவர் யார் என்று அடுத்த வரி கேட்கிறது.
புதிதாக ஆள் ஏற்கிற காப்பாளர்களின் பட்டியல்
இந்த மாதம் ஒரு தலைப்பும் ஒரு வெள்ளைத் தாளும்.

பாண் வெட்டுகிற கத்தியை எடுத்தேன்.
நாற்பது நிமிடம். எந்தப் படிவத்திலும்
இதை எழுதக் கட்டம் இல்லை.
மின்சாரம், வாடகை, வாடகை, காப்புறுதி,
பிறகு எங்கள் முத்திரையோடு நான்கு.
நான்கிலும் வேறு வேறு கையெழுத்து.
வாடகைப் பணம் வங்கியில் இருந்தது. அனுப்பத்தான் ஆளில்லை.

போகும்போது பெயர் கேட்டார்.
சிவபாதசுந்தரம், அப்பாவின் பெயர்தான்;
நிரலுக்குள் அடங்காமல்
இரண்டாக முறித்துக் கீழே இறக்கினார்.
உள்ளே: இன்றைய திகதி.
பேனை அடுத்த நிரலுக்கு மேல் கொஞ்சம் நின்றது.
மூடியைப் போட்டார்.

லென்னெப் பேருந்து போய்விட்டது.
அங்கே ஃபிராவ் ஷ்மலெண்பாக்,
காலை பத்து மணிக்கென்று சொல்லி வைத்தவர்,
மேலங்கி பொத்தானெல்லாம் பூட்டி
நடையில் நிற்பார்.
பன்னிரண்டு ஐந்து.