இடது கையுறை

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்.
குரைப்பதையே ஏறக்குறைய மறந்துவிட்ட நாய்க்கு
பழமொழி எதுவும் வைக்கவில்லை.

டெல்ஸி ஹார்ட்நோலின் பொறுப்பில்
நாய் வேலி தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்.
ஈமு மோதிய இடத்தில் முடிச்சு,
மணல் ஏறிய இடத்தில் புதுக் கம்பம்.
தெற்கே செம்மறி. வடக்கே மாடு.
நடுவில் அவளுடைய வண்டி,
கதவு ஒன்று சரியாகச் சாத்தாது.

தெற்கே கங்காருக்கள்
கல்யாணப் பந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும்.
வடக்கே குறைவு; புல் கொஞ்சம் அதிகம்.
சம்பளம் வாங்காமல் அந்தப் புல்லைக் காப்பது யார்
என்று எழுத
குறிப்பேட்டில் கட்டம் இல்லை.
தேதி, தூரம், ஓட்டை, நாய்:
நான்கே கட்டம்.

சட்டத்தில் அதன் பேர் காட்டுநாய்.
காடு எங்கே?
சிவப்பு மணல், உப்புப்புதர்,
மழை வந்தால் மூன்று நாள் இருக்கும் ஓர் ஏரி.

கடல்வழி வந்த பிராணி அது.
எத்தனை ஆயிரம் ஆண்டு என்பதில்
எலும்புகளுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை.
யாரோ ஒருவருடைய படகில்
மீன் நாற்றத்துக்குப் பக்கத்தில்
காதை மடக்கிப் படுத்து வந்திருக்கும்.
கரையில் குதித்தபோது
கூப்பிட்டார்களா, தெரியாது.
திரும்பிப் பார்த்ததா, தெரியாது.
டாஸ்மேனியாவுக்குப் போகவில்லை.
அதற்கு வெகு முன்பே
கடல் அந்தக் கதவைச் சாத்தியிருந்தது.

வீட்டு நாய்க்கு வருஷத்தில் இரண்டு ஈற்று.
இதற்கு ஒன்றுதான், அதுவும் குளிரில்,
முயல் விட்டுப்போன வளையைப் பெரிதாக்கி.

ராத்திரி ஊளை வரும்.
நாய் என்ற சொல்லுக்கு முன்னால்
நீளமாய் ஓர் ஓ.
அந்த ஓவைச் சேர்த்தால் ஓநாய்.
நீக்கினால் காலடியில் படுக்கும்.
சேரவும் சேராமல்
நீங்கவும் நீங்காமல்
மணல்மேட்டில் நின்று
அது ஓவை மட்டும் சொல்லிப் பார்க்கிறது.

டயர் மாற்ற வந்த ட்ரெண்ட் வில்டன்,
அட்ன்யமதன்ஹா குடும்பத்துப் பையன்,
ஜாக்கியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்:
"எங்க வீட்ல ஒருத்தரும் அதைச் சுட மாட்டாங்க.
அத்தை மட்டும் திட்டுவாங்க,
கோழி போச்சுன்னா."

ஆகஸ்டில் ஒரு விடியல்.
அறுபத்தேழாவது கிலோமீட்டரில்
கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை,
இஞ்சி நிறம், நாலு காலிலும் வெள்ளை,
வால் நுனியில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி.
மடி தொங்கியது.
மணிக்கட்டைத் திருப்பி
(நாய்க்கு அப்படித் திரும்புமா?)
கையைப் போல நீட்டி
வலைக்கண்ணை ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டு வந்தது.
இவளும் அந்த ஓட்டையைத்தான் தேடி வந்திருந்தாள்.
இருவரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள்.

துப்பாக்கி வண்டியில்.
கதவைத் திறந்தால் கிறீச்சிடும்.

டெல்ஸி குனிந்தாள்.
குளிரில் விறைத்த கம்பியை முறுக்க
இடது கையுறையைக் கழற்றி மணலில் வைத்தாள்.
அது போகவில்லை. உட்கார்ந்தது.
வேலை தெரிந்தவர் வேலையைப்
பார்ப்பது போலப் பார்த்தது.
ஐந்து முடிச்சு. ஆறு.
நிமிர்ந்தபோது பெட்டையும் இல்லை,
கையுறையும் இல்லை.
ஓட்டைக்குக் கீழே
மணல் ஒரு முழம் தாழ்ந்திருந்தது.

எப்போது என்று
இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை.

எங்கோ ஒரு வளையில்
கண் திறந்த நாலைந்து குட்டிகள்
அவளுடைய கட்டைவிரலைக் கடித்துப் பழகுகின்றன.

ஓட்டை: ஒன்று, அடைக்கப்பட்டது.
நாய்: என்று எழுதி
பேனாவை உதறினாள். மசி உறைந்திருந்தது.
அப்படியே விட்டுவிட்டு
வாரியத்துக்கு அனுப்பும் தாளை எடுத்தாள்.
தேவை: முள்கம்பி, இரண்டு சுருள்.
கையுறை, ஒன்று.
இடது.