வேட்டு வண்டி

மூன்று மாதமாக வேட்டுப் போட்டது வண்டி.
ஆக்ஸிலேட்டரை விட்டால் போதும்
சைலென்சருக்குள் டப், டப்டப்.
காரங்காட்டு வளைவில் ஒரு கொக்குகூட
நான் வரும்வரை நின்றதில்லை.

திருப்பாலைக்குடியில் சேகு ஜமால்
டேங்கைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்தான்.
என்ஜின் தலையில் செருகி
ஏர்பெட்டி வரைக்கும் வளைந்து கிடந்தது
ஒரு கறுப்பு டியூப்.
பத்து வருடம் இந்த வண்டியில் நண்டு ஏற்றுகிறேன்,
இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

'என்னத்துக்கு இது?'
'புகைக்கு.'
'புகைக்கா?'
'வெளிய போற புகையில வேகாதது கொஞ்சம் இருக்கும்ல.
அதுக்கு நல்ல காத்து குடுத்து
கடைசியா ஒருதரம் எரிய விடுறது.'

போகிற உயிருக்கு வாயில் பால் விடுகிற மாதிரி.
கம்பெனிக்காரன் நல்லவன்தான்.
உப்புக்காற்றை அவன் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.
இரும்புக் குழாயின் முட்டியில் ஊசிப் பொத்தல்.
வால்வுக்குள் உப்புப் பூத்து
மூட வேண்டிய நாக்கு பிளந்தபடி நின்றது.

புதுசு மதுரையில் சொல்லிவைக்கணும் என்றான்.
விலை கேட்டேன். ஒரு வாரத்து நண்டு.
'கழட்டி அடைச்சிரு.'
'புகை சர்ட்டிபிகேட்?'
'ஆவணியிலதான். அப்ப பாப்போம்.'

டியூபை உதறினான்:
ஒரு சிட்டிகை உப்பு,
வாய் கழன்ற பக்கம் குளவி கட்டிய மண்.
அதற்குள் ஏதோ அசைந்தது.
ரெண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

உடைந்த ஃபைபர் படகின் நம்பர் தகட்டை வெட்டி
என்ஜின் தலையின் துளைக்கு மூடி செய்தான்.
பெயின்ட் போகாமல் பாதி ஏழு இருந்தது அதில்.
சிவப்புப் பசை தடவி, ரெண்டு போல்ட் முறுக்கி,
பசையைக் கட்டைவிரலால் வழித்துச் சட்டையில் துடைத்தான்.
கார்பரேட்டர் பக்கத்துச் சின்ன மூக்குக்கு
ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர், மேலே ஒரு கிளிப்.
ஏர்பெட்டி ஓட்டைக்குப் பொருத்தமாக எதுவும் கிடைக்காமல்
கடைசியில் வலை மிதவை ஒன்றைச் செதுக்கி அறைந்தான்.

உதைத்தேன்.
வண்டி வாயே திறக்கவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கரைக்குப் போனேன்.
இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருட்டினேன், பெட்ரோல் மிச்சம்.
கொட்டகைக்குள் வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தார்கள்.

'வேட்டுக்காரன இன்னும் காணோம்.'
'வருவான். கூடைக்கு நூறு கிராம் திங்காம
அவனுக்கு எப்படி விடியும்?'
'ஒனக்கு நூறா? எனக்கு நூத்தம்பது.'
அது சலேத்தம்மாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்
உள்ளே போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.
வாடைக்காற்று வரும் என்பதைப்போலச் சொன்னார்கள்,
ஒரு கையால் நண்டின் காலை வலையிலிருந்து விடுவித்தபடி.

நூறு இல்லை. அறுபது.
ஐஸ் உருகும், கால் ஒடியும், கம்பெனி கழிக்கும்.
அறுபதுதான்.

சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பி
அலையாத்தி மரங்கள் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன்.
அங்கே ஸ்டார்ட் செய்து
கொட்டகை வரும்வரை ஹாரன் அடித்தேன்.

'என்ன, இன்னைக்கு வேட்டு இல்ல?'
'அடைச்சாச்சு.'
'ஐயோ. இனி நீ வர்றது எப்படித் தெரியும்?'

பிலோமியின் கூடை முதலில் ஏறியது.
தராசில் சிவப்பு எண்கள் நடுங்கி நின்றன.
கூடைக்கு எண்ணூறு என்று நாக்கு நுனிவரை வந்தது.
'எழுநூத்தி நாப்பது' என்றேன்.

தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
'கூடை இளைச்சிருச்சா?'

தலை குனிந்து நோட்டில் எழுதினேன்.
நாளைக்கு என்ன எழுதுவேன், தெரியாது.

திரும்பும்போது வளைவில்
வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டரை விட்டுப் பார்த்தேன்.

கொக்கு அசையவில்லை.